கருவின் தலையெழுத்தை எழுதுவது யார்?

பிள்ளை குறையோடு பிறந்தால் "தலையெழுத்து" என்கிறோம். பிறந்த பத்தாம் நாள் செத்துப் போனால் "விதி" என்கிறோம். நோஞ்சானாய் வளர்ந்தால் "பூர்வ ஜென்ம கர்மம்" என்கிறோம். இந்த மூன்று வார்த்தைகளுக்கும் அர்த்தம் ஒன்றேதான். அதாவது, "காரணம் எனக்குத் தெரியாது, தெரிந்து கொள்ளவும் எனக்கு இஷ்டமில்லை" என்பதேயாகும்.

இந்தத் தலையெழுத்தை எழுதுகிறவன் யார், எப்போது எழுதுகிறான், எந்த மையினால் எழுதுகிறான் என்று கேட்டால் சாஸ்திரிகளிடத்தில் பதில் கிடையாது. கேட்டவனுக்கு நாஸ்திகன் என்ற பட்டம்தான் கிடைக்கும். ஆனால் இன்றைய தினம், மனிதக் கருவின் உள்ளே இருக்கும் உயிரணுவை வெளியே எடுத்து, ஒரு சிறு தட்டில் வைத்து வளர்த்து, அது என்னவாக மாறுகிறது, ஏன் மாறுகிறது என்று கண்ணால் பார்த்துக் கணக்கெழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கைப் பாமர மக்களாகிய நாமும் தெரிந்து கொள்ள வேண்டியது அவசியம் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் அந்த உயிரணு எது என்று பார்ப்போம். தாயின் முட்டையும் தந்தையின் விந்தும் சேர்ந்து உண்டாகும் கரு, ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஐந்தாறு நாளில் நூறு, இருநூறு உயிரணுக்கள் கொண்ட ஒரு சிறு பந்தாகிறது. அதன் அளவு குண்டூசித் தலையை விடச் சிறியது. அந்தப் பந்தின் வெளித்தோல் பிறகு நஞ்சுக்கொடிக்குப் போகிறது. உள்ளே ஒட்டிக் கொண்டிருக்கும் சிறு கூட்டம்தான் பிள்ளையாகிறது. அந்தக் கூட்டத்திலுள்ள அணு ஒவ்வொன்றும் இருதயமாகலாம், மூளையாகலாம், எலும்பாகலாம், தோலாகலாம். இன்னதுதான் ஆக வேண்டும் என்று அதற்கு இன்னும் நிச்சயமாகவில்லை. இதைத்தான் கருவின் ஸ்டெம் செல் என்கிறார்கள். வாழைக் குருத்தைப் போல் இன்னும் விரியாத நிலைமையில் இருப்பதால் தமிழில் குருத்தணு என்று வழங்குகிறது.

சுண்டெலியின் குருத்தணுவை 1981இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜிலும், அமெரிக்காவில் கலிபோர்னியாவிலும் தனித்தனியே வளர்த்துக் காட்டினார்கள். மனிதனுடையதை வளர்க்க மேலும் 17 வருஷம் பிடித்தது. 1998 நவம்பரில் அமெரிக்காவில் விஸ்கான்சின் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜேம்ஸ் தாம்சனும் அவரது கூட்டாளிகளும் ஐந்து வம்சாவளிகளை வளர்த்து வெளியிட்டார்கள்.

ஏன் இத்தனை வருஷம் என்று கேட்கலாம். சுண்டெலியின் குருத்தணுவைக் குருத்தாகவே வைத்திருப்பதற்கு ஒரு புரதச் சத்தைக் கலந்தால் போதும் என்று கண்டு வைத்திருந்தார்கள். அதே சத்து மனித அணுவைக் குருத்து நிலையில் நிறுத்தவில்லை. இரண்டும் கருவணுதான், ஆனால் வீட்டுக்கு வீடு அடுப்பு வேறு. ஆகவே மனித அணுவுக்கு என்ன ஆகாரம், எப்பேர்ப்பட்ட இருப்பிடம் என்பதை முதலிலிருந்து தேட வேண்டியதாயிற்று. அப்படித் தேடியதில் கண்டதை நான்கு தலைப்பாகச் சொல்லலாம்.

முதலாவது, ஆகாரம். ஒரே தட்டிலிருந்து எடுத்த ஒரே வம்சத்து அணுவுக்கு ஒருவிதச் சத்தைக் கொடுத்தால் அது குருத்தாகவே இருந்து பெருகுகிறது. வேறொரு சத்தைக் கொடுத்தால் நஞ்சுக்கொடியைச் சேர்ந்த அணுவாகப் போகிறது. இன்னொன்றை அதிகமாகக் கொடுத்தால் குடல், கணையம் முதலியவைகள் உண்டாகும் வழியில் போகிறது. அணுவுக்குள்ளே இருக்கும் பரம்பரை எழுத்து மாறவேயில்லை. அதில் எந்தப் பக்கத்தைத் திறந்து படிப்பது என்பதைத்தான் ஆகாரம் தீர்மானிக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆரம்பத்தில் மனித அணுவைச் சுண்டெலிக் கருவின் அணுக்களைப் பரப்பி, அவைகளின் மேல் வைத்து, கன்றுக்குட்டியின் இரத்தத் தெளிவை ஊட்டி வளர்த்தார்கள். சுண்டெலி அணு இங்கே செவிலித்தாய். இப்படி வளர்ந்த மனித அணுவின் மேல்தோலில் மனித உடம்பு தானாகச் செய்யாத ஒரு மிருகச் சர்க்கரை ஒட்டிக் கொண்டிருந்ததை 2005இல் கலிபோர்னியாவில் கண்டு பிடித்தார்கள். மனித இரத்தம் அந்தச் சர்க்கரையை அந்நியன் என்று அடையாளம் கண்டு தாக்கக்கூடியது. தின்றது எதுவோ அது மேலே தெரிகிறது! அதற்கு முன்னமே, 2002இல், இலங்கையில் பிறந்து சிங்கப்பூரில் வேலை செய்து வந்த ஆரிப் போங்சோ என்பவரின் கூட்டத்தார், சுண்டெலியை விட்டு மனித அணுவையே செவிலியாக வைத்து வளர்க்கலாம் என்று காட்டியிருந்தார்கள்.

இரண்டாவது, அக்கம்பக்கம். மனிதக் குருத்தணு கூட்டமாக இருந்தால் வாழ்கிறது. ஒவ்வொன்றாகப் பிரித்துத் தனியே விட்டால் நூற்றுக்கு ஒன்று பிழைப்பதே அபூர்வம். பிரிந்த அதிர்ச்சியில் அணு தன்னைத்தானே மாய்த்துக் கொள்கிறது. அந்த அதிர்ச்சியைத் தடுக்கும் ஒரு மருந்தைக் கலந்தால் நூற்றுக்குக் கால் பங்குக்கு மேல் பிழைக்கிறது என்று 2007இல் ஜப்பானியர் காட்டினார்கள். ஒண்டியாய் விடப்பட்டது சாவதும், துணையோடிருப்பது வாழ்வதும் இங்கேயும் உண்மையாக இருக்கிறது.

மூன்றாவது, தரை. 2006இல் பென்சில்வேனியாவில் ஒரு சோதனை செய்தார்கள். இது கருவின் அணுவல்ல. வளர்ந்த மனிதனுடைய எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த குருத்தணு. அதை மூளையைப் போல் மெத்தென்ற தரையில் வைத்தால் நரம்பின் சாயலை அடைந்தது. தசையைப் போன்ற தரையில் தசையின் சாயலையும், கெட்டியான தரையில் எலும்பின் சாயலையும் அடைந்தது. கொடுத்த ஆகாரம் ஒன்றே. காலடியிலிருந்த தரைதான் வேறு.

நான்காவது, காற்று. நாம் சுவாசிக்கும் காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 21 பங்கு. கர்ப்பப்பைக்குள்ளே அதில் கால் பங்குதான், அதற்கும் குறைவாகவும் இருக்கும். வெளிக்காற்றிலே வளர்த்தால் குருத்தணு அடிக்கடி தன் நிலையை இழந்து கண்டபடி முதிர்கிறது என்றும், பிராணவாயுவை 5 பங்குக்குள் குறைத்தால் குருத்தாகவே நிலைக்கிறது என்றும் 2005இல் மிசௌரி சர்வகலாசாலையார் வெளியிட்டார்கள். 2010இல் மாசாசூசெட்ஸில் செய்த ஆராய்ச்சி இன்னொரு படி மேலே போயிற்று. பெண் கருவின் அணுவில் எக்ஸ் என்னும் இழை இரண்டு உண்டு. ஆரம்பத்திலிருந்தே குறைந்த பிராணவாயுவில் வளர்த்தால் இரண்டும் விழித்திருக்கின்றன. வெளிக்காற்றில் வைத்தால் ஒன்று தூங்கிப் போகிறது. தூங்கினதை மறுபடியும் பழைய காற்றில் வைத்தாலும் அது எழுந்திருக்கவில்லை.

இந்தக் கடைசி வரியை நன்றாய்க் கவனிக்கும்படி வாசகர்களைக் கேட்டுக் கொள்ளுகிறோம். சில தவறுகளைப் பிறகு திருத்த முடியாது. ஆரம்பக் காலத்துக் காற்றுக்கு அவ்வளவு அதிகாரம் இருக்கிறது.

நிற்க. "அப்படியானால் பிறவி என்பது ஒன்றுமேயில்லையா?" என்று சிலர் கேட்பார்கள். அப்படி நாம் சொல்ல வரவில்லை. சுண்டெலியின் அணுவுக்கு மனித ஆகாரத்தை எத்தனை நாள் ஊட்டினாலும் அது மனிதனாகாது. வேப்பங்கொட்டையைத் தேனில் ஊற வைத்து நட்டாலும் வேம்புதான் முளைக்கும். எல்லையைப் பரம்பரை போடுகிறது. அந்த எல்லைக்குள் என்ன நடக்கிறது என்பதில் சூழ்நிலைக்குப் பெரும் பங்கு இருக்கிறது. பரம்பரையை மட்டும் பார்க்கிறவனும் பாதிக் குருடன், சூழ்நிலையை மட்டும் பார்க்கிறவனும் பாதிக் குருடன்.

அது மாத்திரமல்ல. சூழ்நிலை சில சமயம் பரம்பரை எழுத்தைக் கெடுத்தவனையே பொறுக்கி எடுத்து வளர்க்கிறது. தட்டில் நீண்ட நாள் வளரும் அணுக்களில் எது சீக்கிரம் பெருகுகிறதோ அதுவே தட்டை நிரப்பிக் கொள்ளும். 2017இல் மனிதக் குருத்தணு வம்சாவளிகள் 140ஐ எடுத்து ஆராய்ந்தபோது, அவற்றில் 5இல் புற்றுநோயைத் தடுக்கும் காவற்காரனான ஒரு ஜீன் பழுதடைந்திருந்தது தெரிந்தது. காவற்காரன் இல்லாத வீட்டில் எவன் கொழுப்பான் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவேதான் இந்த அணுவை நோயாளியின் உடம்பில் வைப்பதற்கு முன் ஆயிரம் சோதனை வேண்டும் என்கிறார்கள்.

நம் தேசத்தில் என்ன நடந்தது என்பதையும் பார்ப்போம். பெங்களூர் ஜக்கூரிலுள்ள ஜவாஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி நிலையத்தில் மனீஷா இனாம்தார் என்ற அம்மையாரும் அவரது கூட்டாளிகளும் 2009இல் இரண்டு மனிதக் குருத்தணு வம்சாவளிகளை உண்டாக்கி வெளியிட்டார்கள். இரண்டும் ஒரே தாய் தகப்பன் கொடுத்த சகோதரக் கருக்களிலிருந்து வந்தவை. முக்கியமான சங்கதி என்னவென்றால், அந்தக் கருக்கள் மூன்றாந்தரம் என்று முத்திரை குத்தப்பட்டுக் குப்பைக்குப் போக வேண்டியவை. பார்வைக்கு லட்சணமில்லை, கர்ப்பப்பையில் வைக்க லாயக்கில்லை என்று தள்ளப்பட்டவை. தள்ளப்பட்டதை எடுத்து, தக்க ஆகாரமும் தக்க இடமும் கொடுத்ததும் உடம்பின் எந்தப் பாகமாகவும் மாறக்கூடிய அணுக்கள் அதிலிருந்தே பெருகி வந்தன. தள்ளப்பட்ட கரு எல்லாம் இப்படி ஆகும் என்று சொல்லவில்லை. ஆனால், தொட்டிலுக்கு முன்னமே தரம் பிரித்து "இது உருப்படாது" என்று சொல்லும் வாய்களுக்கு இது ஒரு நல்ல பதில் என்று மாத்திரம் சொல்லுவோம்.

இங்கே வைதிகர்கள் ஆத்மாவைத் தூக்கிக் கொண்டு வருவார்கள். கருவைத் தொட்டால் அதிலுள்ள ஆத்மா என்னாவது என்பார்கள். நாமும் கேட்கிறோம். ஒரு கரு சுமார் இரண்டு வாரத்துக்குள் இரண்டாகப் பிரிந்து இரட்டைப் பிள்ளையாக ஆவதுண்டு. அப்போது ஆத்மாவும் இரண்டாக அறுபட்டதா? அல்லது ஒரு பிள்ளைக்கு ஆத்மா இல்லாமலே போயிற்றா? கர்ப்போபநிஷத்து என்ற புஸ்தகமோ ஜீவன் ஏழாவது மாதத்தில் வந்து சேருகிறது என்கிறது. இவர்களுக்குள்ளேயே கணக்கு ஒத்து வரவில்லை. ஆராய்ச்சிக்காரர்களோ கருவைப் பதினாலு நாளுக்கு மேல் வெளியில் வளர்க்கக் கூடாது என்று வரம்பு போட்டார்கள். நம் தேசத்து மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017ஆம் வருஷத்து விதிகளிலும் அந்த வரம்பு இருக்கிறது. அதற்கு முன் கருவில் நரம்பின் அடையாளமே கிடையாது என்பது எவரும் சோதித்துப் பார்க்கக்கூடிய காரணம்.

அந்த உபநிஷத்து இன்னொன்றும் சொல்லுகிறது. கூடும் சமயத்தில் பெற்றோர் மனம் கலங்கியிருந்தால் குருடு, நொண்டி, கூன், குள்ளன் பிறக்குமாம். இந்த ஒரு வாக்கியத்தினால் எத்தனை தாய்மார்கள் எத்தனை தலைமுறையாக வசவு வாங்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஏற்கனவே துக்கத்தில் இருப்பவளைப் பார்த்து, "நீ என்ன நினைத்துக் கொண்டிருந்தாயோ" என்று கேட்பதைவிட ஈனத்தனம் வேறு உண்டா?

உண்மைக் காரணம் எப்படிக் கண்டுபிடிக்கப்படுகிறது என்பதற்கு உதாரணம் சொல்லுகிறோம். 1957இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைட் என்ற தூக்க மருந்து கடைக்கு வந்தது. கர்ப்ப ஸ்திரீகளின் வாந்திக்கும் நல்லது என்று விற்றார்கள். 1961 முடிவில் அதை நிறுத்துவதற்குள், கையும் காலும் குட்டையாகவோ இல்லாமலோ பிறந்த குழந்தைகள் பல தேசங்களில் பதினாயிரத்துக்கு மேல் என்று கணக்கிடப்பட்டது. சுண்டெலிக்கு அந்த மருந்து இந்தக் கெடுதலைச் செய்வதில்லை. ஏன் என்பது 2018இல் தான் விளங்கிற்று. மனிதக் குருத்தணுவைத் தட்டில் வைத்து அந்த மருந்தைக் கலந்து பார்த்தபோது, கை கால் வளர்ச்சிக்கு வேண்டிய ஒரு புரதம் அழிந்து போவதைக் கண்டார்கள். சுண்டெலியின் புரதத்தை அது அழிக்கவில்லை. அறுபது வருஷத்துக்கு முன் தாய்மாரை அழ வைத்த கேள்விக்குத் தட்டிலிருந்த ஒரு துளி அணு பதில் சொல்லிற்று. எந்தக் கர்மத்தைக் கேட்டால் இந்தப் பதில் வந்திருக்கும்?

இன்னும் கேளுங்கள். சோதனைக் குழாய் முறையில் பிள்ளை பெறுபவர்களின் கருவை முதல் சில நாள் தட்டில்தான் வளர்க்கிறார்கள். இரண்டுவித வளர்ப்பு நீரில் எது யாருக்கு என்று சீட்டுப் போட்டாற்போல் பிரித்து ஹாலந்து தேசத்தில் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் சில நாள் குடித்த நீரின் வித்தியாசத்தினால், ஒன்பது மாதம் கழித்துப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடையில் நூறு கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தது. அதே போல், முன்பு ஒரு பிள்ளை முதுகெலும்பு மூடாமல் பிறந்த தாய்மாருக்கு போலிக் அமிலம் என்னும் சத்தைக் கர்ப்பத்துக்கு முன்னிருந்தே கொடுத்தால், அந்தக் குறை மறுபடியும் வருவது நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் குறைகிறது என்று 1991இல் இங்கிலாந்திலிருந்து வெளியான சோதனை காட்டிற்று. பிரம்மா எழுதிய எழுத்தை ஒரு மாத்திரை அழிக்குமானால், அது எழுத்துமல்ல, எழுதினவன் பிரம்மாவுமல்ல.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று இந்த வடசென்னைக் கரையோரம் முழுவதும் துறைமுகமும், எண்ணெய்ச் சுத்திகரிப்பும், உரமும், அனல் மின்சாரமும், நிலக்கரியும் நிறைந்தது. எண்ணூர்க் கழிமுகத்தில் மின் நிலையச் சாம்பல் படிந்தது பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விஷயம். 2023 டிசம்பரில் புயல் மழையோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படர்ந்தது. படகும் வலையும் கறுத்துப் போயின. அதே மாதம் 26ந் தேதி இரவு, பெரியகுப்பத்துக்கருகே உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக் கொண்டு நடுராத்திரியில் ஓடினார்கள். ஓடினவர்களில் கர்ப்பிணிகளும் இருந்திருப்பார்கள் என்று சொல்ல ஜோசியம் வேண்டியதில்லை.

இந்தக் குப்பங்களிலும் தெருக்களிலும் கிரகணத்தன்று என்ன நடக்கிறது? கர்ப்ப ஸ்திரீயை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி, ஜன்னலுக்குத் துணி கட்டி, கத்தியைத் தொடாதே, காய் நறுக்காதே, பிள்ளைக்கு உதடு பிளந்து விடும் என்று காவல் காக்கிறார்கள். சந்திரனுடைய நிழலுக்கு இத்தனை காவல். வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் அதே ஜன்னல் வழியாக வரும் புகைக்கும் தூளுக்கும் காவல் எங்கே?

தூளினால் என்ன என்பீர்களானால், அதற்கும் நம் ஊர்க் கணக்கே இருக்கிறது. சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிலையத்தைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணனும் அவரது கூட்டாளிகளும், தமிழ்நாட்டில் 1285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்தூள் ஒரு கன மீட்டர் காற்றில் 10 மைக்ரோகிராம் கூடும்போதெல்லாம் குழந்தையின் எடை சுமார் 4 கிராம் குறைந்து காணப்பட்டது. நாலு கிராம்தானே என்று ஆலை முதலாளி சிரிக்கலாம். தூள் பத்தோடு நிற்பதில்லை. அரை வயிற்றுக் கஞ்சியோடு இருக்கும் தாய்க்குத் தூள் மட்டுமே குறையுமல்ல. எல்லாம் சேர்ந்து ஒரே குழந்தையின் மேல்தான் விழுகிறது.

தட்டிலுள்ள அணு வேறு, தாய் வயிற்றுப் பிள்ளை வேறு என்பதை நாம் மறக்கவில்லை. தாயின் உடம்பு கருவுக்குப் பல விதத்தில் அரணாக இருக்கிறது. ஆதலால் இந்த வீட்டுப் பிள்ளையின் குறைக்கு இந்த ஆலைதான் காரணம் என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. கணக்கெடுக்காமல் தீர்ப்புச் சொல்வது பகுத்தறிவுமல்ல. கணக்கெடு என்றுதான் கேட்கிறோம். ராயபுரத்துப் பிரசவ ஆஸ்பத்திரி முதல் எண்ணூர் சுகாதார நிலையம் வரை, குறைப்பிரசவம், குறைந்த எடை, பிறவிக் குறை ஆகியவைகளை வார்டு வார்டாகப் பதிந்து, பேர் ஊர் வெளியிடாமல் எண்ணிக்கையை மட்டும் வருஷந்தோறும் வெளியிட வேண்டும். காற்றின் அளவைத் தமிழில் எழுதி ரேஷன் கடை வாசலில் தினமும் ஒட்ட வேண்டும். போலிக் அமில மாத்திரை, கல்யாணமான பெண்ணுக்குக் கர்ப்பம் தெரிந்த பிறகு அல்ல, அதற்கு முன்னமே கிடைக்க வேண்டும். ஏனெனில் முதுகெலும்பின் கால்வாய் கருவின் முதல் நாலு வாரத்திலேயே மூடிவிடுகிறது. இந்த மூன்றும் கோவில் கும்பாபிஷேகச் செலவில் ஒரு மூலைக்குக் காணாது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. பழைய மந்திரவாதி போய்ப் புதிய மந்திரவாதி வந்திருக்கிறான். ஸ்டெம் செல் ஊசி போட்டால் பேசாத பிள்ளை பேசும், நடக்காத பிள்ளை நடக்கும் என்று லட்சக்கணக்கில் பணம் பறிக்கிறார்கள். அங்கீகரிக்கப்பட்ட சில இரத்த சம்பந்தமான வியாதிகளுக்கு மஜ்ஜை மாற்றுவது தவிர, மற்றதெல்லாம் முறைப்படி அனுமதி பெற்ற சோதனையாக மட்டுமே நடக்க வேண்டும் என்பது 2017ஆம் வருஷத்து விதி. சோதனைக்கு நோயாளியிடம் பணம் வாங்குவது முறையல்ல. கருவின் குருத்தணுவிலிருந்து செய்த நரம்பணுவை நடுக்குவாத நோயாளிகளின் மூளையில் வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் செய்த சோதனையின் முடிவு 2025இல் வந்தது. 12 பேருக்குத்தான் வைத்தார்கள். ஆபத்தில்லை என்று பார்ப்பதே முதல் நோக்கம். கால் நூற்றாண்டு உழைத்தவர்கள் இவ்வளவு அடக்கமாகப் பேசும்போது, மூன்று ஊசியில் மோட்சம் தருகிறேன் என்கிறவன் யார் என்பதை நீங்களே தீர்மானித்துக் கொள்ளுங்கள். வெள்ளைக் கோட்டு போட்டதனால் பூசாரி வைத்தியனாகி விடமாட்டான்.

தோழர்களே! ஒரு துளி அணுவைக் காப்பாற்ற, ஆராய்ச்சிக்காரன் காற்றை அளக்கிறான், நீரைச் சுத்தம் செய்கிறான், தரையைப் பதம் பார்க்கிறான், துணை வைக்கிறான். ஒன்று தவறினாலும் தன் அணு கெட்டு விடும் என்று அவனுக்குத் தெரியும். அது கெட்டால் அவன் அணுவின் தலைவிதியைத் திட்டுவதில்லை. தட்டில் என்ன தப்பு என்று தேடுகிறான். நம் தாய்மார்களின் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு அந்த மரியாதையில் நூறில் ஒரு பங்காவது வேண்டாமா? இனிமேல் எந்த வீட்டிலாவது பிள்ளை குறையோடு பிறந்தால், அந்தத் தாயிடம் போய் விதியைப் பற்றிப் பேசாதீர்கள். அவள் குடித்த தண்ணீர் எது, தின்ற சோறு எவ்வளவு, சுவாசித்த காற்று யாருடையது என்று ஊராரையும் ஆட்சியாளரையும் கேளுங்கள்.